பட்டறையில் கடைந்த ஃப்ளைவீல்

என் டீசல் காரில் எஞ்சின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு ஃப்ளைவீல் கெட்டுவிட்டது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான், “ஏனுங்க மாப்ள, ராக்கெட்டுக்கே பாகம் கடையற ஊருங்க இது! ஸ்பிரிங்கெல்லாம் எதுக்குங்க, ஒரே கட்டியா கடைஞ்சு போட்டுடலாங்க” என்றார். நானும் தலையாட்டினேன்.

அதை மாட்டிக்கொண்டு கொடுமுடி போகும் வழியில் கார் உதறியது. “நிறுத்துங்கப்பா, வயிறெல்லாம் அதிருது!” என்று உடன் வந்த கர்ப்பிணி மகள் அலறினாள். ஓரம் கட்டுவதற்குள் கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ உடைந்து கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது. வயிற்றிலிருக்கும் குழந்தை நலம் என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை.

“மெஷின்ல சுத்தவிட்டு பேலன்ஸ் பார்த்தீங்களா?” என்று மச்சானிடம் கத்தினேன்.

“கண்ணுல பாத்தேனுங்க, நேராத்தான் இருந்துச்சு.”

கண்ணாம் கண்! இப்போது காருக்குக் கம்பெனி பாகம் வரும்வரை பஸ்ஸில்தான் போகிறேன். மச்சான் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.