வாய்க்குள் வெட்டிய கம்பி

இது நடந்து இரண்டு வருடமாகிறது. தலவிலத் தேவாலயத் திருவிழா முடிந்து, யாத்திரிகர்கள் தங்கியிருந்த கொட்டில்களைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்கள். அங்கிருந்து கல்பிட்டிப் பக்கம் போகும் வழியில், கடற்கரை ஓரமாக எங்கள் வீடு இருக்கிறது. கணவர் கடல் தொழில். நான் கருவாடு காயப்போடும் இடத்தில் வேலை செய்துவந்தேன்.

அப்போது என் பற்களுக்குக் கம்பி போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இந்த வயதில் இது என்ன ஆசை என்று நினைக்க வேண்டாம். அழகுக்காகப் போட்டதல்ல. என் கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தில் குத்தும். சாப்பிடும்போதெல்லாம் அந்த இடம் புண்ணாகும். சிறு வயதிலிருந்தே வாயைக் கையால் மூடிக்கொண்டு கதைத்துப் பழகியவள் நான். புண் ஆறாமலே போனபிறகுதான் புத்தளத்தில் பல் டொக்டரிடம் போனேன். அவர் ஒரு சிங்களப் பெண். பெரிய ஆட்களுக்கும் பல்லை நகர்த்தலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் போல விரைவாக நகராது, இரண்டு வருடமோ அதற்கு மேலோ பொறுமையாக வந்து போக வேண்டும் என்று அவர் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும்தான். பக்கத்தில் இருந்த தாய் என்னிடம், "உங்கட பிள்ளை எங்க?" என்று கேட்டார். கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என்னையே உள்ளே கூப்பிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனேன்.

கம்பி போட்ட அன்று தாதி நிறையச் சொன்னார். எப்படித் துலக்குவது, எதைக் கடிக்கக் கூடாது, என்ன நடந்தால் என்ன செய்வது. எனக்குப் பாதி விளங்கவில்லை. வெளியே இவ்வளவு பேர் காத்திருக்கிறார்களே என்று எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டினேன். சின்னப் பெட்டி ஒன்றில் வெள்ளை மெழுகு தந்தார். எதற்கென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்குக் கொளுத்தும் மெழுகுதிரிகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்தேன்.

முதல் கிழமை ஏழு நாளும் பாண் துண்டுகளைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத்தான் விழுங்கினேன். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக நொந்தது. வேலை செய்யும் இடத்தில் பகிடி வேறு. "என்ன அக்கா, வாய்க்கு முள்ளுக்கம்பி அடிச்சாச்சு. இனி அண்ணன் எந்தப் பக்கத்தால வாறது?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு நோவு குறைந்தது. பழகிப்போனது.

திருவிழா முடிந்த கிழமைதான் வலப்பக்கக் கடைசிப் பல்லில் கம்பியின் நுனி வெளியே நீண்டு கன்னத்தில் குத்தத் தொடங்கியது. பல் நகர நகரக் கம்பி அப்படி நீளுமாம். அது அப்போது எனக்குத் தெரியாது. கன்னம் உள்ளே கிழிந்து, உப்புப் பட்டால் உயிர் போனது. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன்னால் போனால், இதற்கெல்லாம் ஓடி வருவதா என்று ஏசுவார்களோ என்று பயந்து, போகாமல் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் யார் கையிலாவது தூண்டில் முள் ஏறினால் என் கணவரிடம்தான் வருவார்கள். முள்ளை வந்த வழியே இழுத்தால் சதை கிழியும். அதனால் நுனியை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, குறட்டால் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவுவார். ஒரு நிமிட வேலை. நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"இவ்வளவுதானே. வா, நான் வெட்டி விடுறன்."

முற்றத்தில் வெளிச்சம் வாய்க்குள் விழும்படி என்னைக் கதிரையில் இருத்தி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தார். அவருடைய தாய், என் மாமி, என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். குறடு ஒரு சத்தம் போட்டது. குத்தல் நின்றது. அதே நேரம் தொண்டைக்குள் ஏதோ விழுந்தது. மூச்சு அடைத்து, கண் இருண்டு, கதிரையோடு விழும் அளவுக்கு இருமினேன்.

இருமல் அடங்கியபிறகு மாமி சோற்றை உருட்டித் தந்து, மெல்லாமல் விழுங்கச் சொன்னார். மீன் முள் சிக்கினால் அப்படித்தானே செய்வோம். வயிற்றுக்குள் போயிருக்கும், தானாக வெளியே வந்துவிடும் என்று கணவர் சொன்னார். நானும் நம்பினேன்.

ஆனால் இருமல் போகவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மாலையானால் காய்ச்சல் வரும். ஒரு நாள் துப்பிய எச்சிலில் இரத்தம் கண்டேன். காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

கிளினிக் நாளன்று டொக்டர் என் வாயைப் பார்த்தவுடன் கையை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"யார் வெட்டினது?"

நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"துண்டு எங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றினார். எத்தனை நாளாக இருமுகிறேன் என்று தாதியைக் கேட்கச் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. எக்ஸ்ரே எடுக்க என்னோடு அவரே நடந்து வந்தார். படத்தில் வலப்பக்க நுரையீரலில், சூடை மீனின் முள் போல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

அன்றைக்கே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். செய்தி கேட்டுக் கணவர் ஓடி வந்து ஏறினார். சிலாபம் தாண்டியபிறகு, தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கையில வெட்டினா துண்டு மணல்ல விழும். வாய்க்குள்ள எங்க விழும்னு நான் நினைக்கவே இல்ல."

தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் கம்பியை எடுத்தார்கள். ஒரு நகத்துண்டு அளவுதான் இருந்தது. ஆனால் அது கிடந்த இடத்துக்குக் கீழே சீழ் பிடித்துப் பழுதாகியிருந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. பிறகு நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைக்க மாட்டேன் என்று நினைத்து, ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாதங்கள் கழித்துத் திரும்பவும் புத்தளத்துக்குப் போனபோது, அந்த மெழுகுப் பெட்டியைக் கொண்டுபோய் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டேன்.

"மிஸ், இது எதுக்கு?"

தாதி ஒரு துளி கிள்ளி, விரலில் உருட்டி, என் பல்லில் கம்பி மேல் ஒட்டினார். "இப்படி வச்சா குத்தாது அக்கா. வச்சிட்டு இங்க வாங்க, நாங்க வெட்டி விடுவம். கிளினிக் நாள் பாக்கத் தேவையில்ல."

அவ்வளவுதான். அந்த நோவுக்கு மருந்து முழு நேரமும் என் அலுமாரிக்குள் இருந்தது.

இப்போது அண்ணத்தில் புண் இல்லை. பற்கள் நேராகி வருகின்றன. கருவாட்டு வேலையை விட்டுவிட்டேன். வெறும் கையோடு கடற்கரை வரை நடக்கவே இடையில் நிற்க வேண்டியிருக்கிறது. தூண்டில் முள் ஏறினவர்கள் இன்னும் கணவரிடம் வருகிறார்கள். கீழே வெறும் மணல்தான் என்றாலும், குறட்டை அழுத்தும் முன் அவர் மற்றக் கையைக் கீழே ஏந்திக்கொள்கிறார். நான் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவேன். ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டதற்கு என் மூச்சில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறேன் என்பது, மணலில் மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வருகிறது.