மூன்று சீட்டிலும் மதுரை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்த கம்பெனி ஒன்றில் பரிபூரணம் பதினேழு வருஷம் பேக்கிங் செக்கராக இருந்தாள். அட்டைப்பெட்டிக்குள் எத்தனை ரோல், என்ன அகலம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு உள்ளே வைத்து மூடுவாள். அவள் மூடிய பெட்டியை மறுபடி யாரும் பிரித்ததில்லை. "பரிபூரணம் எழுதிட்டாள்ல, பொறவு என்னத்துக்கு எண்ணுதே?" என்று மேனேஜர் சுந்தரபாண்டியன் புதிதாக வந்த ஆட்களை அதட்டுவார்.

அப்பேர்ப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பொய்ச்சீட்டு எழுதினாள். யாரை ஏமாற்ற என்று நினைக்கிறீர்கள்? ஆண்டவரை! நெஞ்சழுத்தம் என்றால் இதுவல்லவா நெஞ்சழுத்தம்.

எல்லாம் மகள் தேவகிருபையால் வந்தது. கிழிந்துபோன பெட்டிகளைப் பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு விரிப்பாள். அவற்றில் அச்சடித்திருந்த ஜெர்மன் எழுத்துகளை ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பிள்ளை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. பிறகு ஜெர்மன் ரேடியோவுக்குக் கடிதம் போட்டது. அவர்கள் பாடப்புத்தகத்தை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். பாத்திரம் துலக்கும்போதும் அதே முணுமுணுப்புதான். "எம் மக ஜெர்மன்காரி கணக்காப் பேசுதா" என்று பரிபூரணம் பக்கத்து மேசை வெள்ளத்தாயிடம் பீற்றிக்கொள்ளத்தான் செய்தாள்.

அந்தப் பெருமையெல்லாம் 1990இல், தேவகிருபை பிளஸ் டூ முடித்த கோடையோடு போயிற்று. ஜெர்மன் படிக்க வேண்டுமானால் டில்லிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் ஐதராபாத்துக்கு. அந்தப் பிள்ளை இரண்டுக்கும் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதியது. இரண்டு பல்கலைக்கழகத்திலிருந்தும் இடம் உண்டு என்று ஒரே வாரத்தில் தபால் வந்துவிட்டது. டில்லியில் நூலகம் பெரிது, அயல்நாட்டுப் பேராசிரியர்கள் உண்டு. ஐதராபாத் கொஞ்சம் பக்கம், சாப்பாடும் ஒத்துக்கொள்ளும். தேவகிருபை இரண்டு தபாலையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். பரிபூரணம் மட்டும் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தாள்: மதுரையில் பெண்கள் கல்லூரி, ஆங்கில இலக்கியம், சனிக்கிழமை பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் வீடு.

"ரெண்டு ராத்திரி ரயில்ல போற ஊர்ல ஒனக்குக் காய்ச்சல் வந்தா யாருட்டி கஞ்சி வைப்பா?"

"ஆஸ்டல்ல டாக்டர் இருப்பாங்கம்மா."

"டாக்டர் கஞ்சி வைப்பாராக்கும்!"

நாலு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் தகப்பன் சத்தியநேசன்தான் வழி சொன்னார். மில்லில் ஃபிட்டர், சாது மனுஷன். "நமக்குள்ள என்னத்துக்குச் சண்டை? சீட்டுப் போட்டு ஆண்டவர்கிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

அந்தக் குடும்பத்தில் இது புதிதல்ல. பெண்ணுக்கு மாப்பிள்ளையோ, மனைக்கு இடமோ, எதுவானாலும் பெயர்களைச் சீட்டில் எழுதி, சுருட்டி, வேதப்புத்தகத்துக்குள் வைத்து, உபவாசமிருந்து ஜெபித்து ஒன்றை எடுப்பார்கள். வந்ததுதான் தேவசித்தம், அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. எடுத்தவர் அந்தச் சீட்டைத் தன் வேதப்புத்தகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்வார். மற்றதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, நேரே அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கடைசி வழக்கம்தான் பரிபூரணத்துக்கு வாகாக அமைந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று சீட்டு எழுதும் வேலையும் அவளிடமே வந்தது. காலண்டர் தாளை மூன்றாகக் கிழித்தாள். முதல் சீட்டில் மதுரை என்று எழுதினாள். இரண்டாவதை எடுத்து டில்லி என்று எழுதப் போனாள், கை ஓடவில்லை. அதிலும் மதுரை. மூன்றாவதிலும் மதுரை. மூன்றையும் சுருட்டி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மூன்று பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் சத்தியநேசன் கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் அல்ல, அரைமணி நேரம் உருகி உருகி ஜெபித்தார். பரிபூரணத்துக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆமென் சொன்னதும் தேவகிருபை வேதப்புத்தகத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா வந்திருக்கு?" என்றார் தகப்பன்.

"டில்லிப்பா."

பரிபூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. டில்லியா? டில்லி என்று எழுதவே இல்லையே! மூன்றையும் எழுதினது இந்தக் கைதானே! "ஸ்தோத்திரம்!" என்று சத்தியநேசன் போட்ட சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

மகள் பொய் சொல்லியிருப்பாள் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை அதிகம் கொடுத்தால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை அது. அப்படியானால்? தான் எழுதின பொய்யை அழித்து ஆண்டவரே மாற்றி எழுதிவிட்டார்! காட்டு பார்ப்போம் என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்தச் சீட்டைக் கண்ணால் பார்க்கிற தைரியம் யாருக்கு உண்டு? மிச்சமிருந்த இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டு, அது எரிந்து முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

தேவகிருபை டில்லிக்குப் போனாள். ஐதராபாத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் போயிற்று. ரயிலேற்றும்போது பரிபூரணம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதற்கப்புறமும் ஐந்து வருஷம் அந்தச் சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எழுந்திருக்கலாமா என்று மனசு துடிக்கும். எழுந்தால் தன் திருட்டையும் அல்லவா சொல்ல வேண்டும்! அப்படியே உட்கார்ந்துவிடுவாள். கம்பெனியில் மட்டும் ஒவ்வொரு சீட்டையும் எழுதிவிட்டு இரண்டாம் தரம் எடுத்துப் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று பார்ப்பாள்.

1995 மே மாதம் தேவகிருபை எம்.ஏ. முடித்து வீட்டுக்கு வந்தாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு மேல்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. ஜூன் பதினைந்துக்குள் சம்மதம் எழுத வேண்டும். கடிதத்தைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, "நான் போகலைப்பா. இங்கயே எங்கயாவது வேலை பாக்கேன்" என்றாள்.

பரிபூரணம் குறுக்கிட்டாள். "ஏட்டி, என்ன சொல்லுதே? ஆறாங்கிளாஸ்லேருந்து இதுக்குத்தானே ஆலாப் பறந்தே? ஆண்டவரே காமிச்ச வழியில்லா!"

அவ்வளவுதான், அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது. ஐந்து வருஷ அழுகை அது. பிறகு எழுந்துபோய்த் தன் வேதப்புத்தகத்திலிருந்து மங்கிப்போன ஒரு காலண்டர் துண்டை எடுத்துவந்து அம்மா கையில் வைத்தாள்.

மதுரை என்று இருந்தது. பரிபூரணத்தின் கையெழுத்தேதான். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"ஆண்டவர் மதுரைன்னுதாம்மா சொன்னாரு. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்துச்சோ, அவர் முன்னாலயே டில்லின்னு பொய் சொல்லிட்டேன். ஒரு நாள் நிம்மதியாத் தூங்கலை. திருடுன படிப்பும்மா இது. அதை வெச்சு இன்னும் தூரம் போறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. இதோட நிறுத்திக்கிடுதேன்."

பரிபூரணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. எந்தக் கையும் எதையும் மாற்றி எழுதவில்லை. இத்தனை வருஷம் அவள் பயந்து பயந்து செத்தது இந்தச் சின்னக் கழுதை சொன்ன பொய்க்கா! கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த கணமே அது அவிந்துபோயிற்று. பிள்ளை ஒரு பொய்தான் சொன்னாள். தான் மூன்று எழுதினவள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் வீட்டோடு இருந்துவிடுவாள், மதுரையைவிடப் பக்கத்தில். முதலிலேயே ஆசைப்பட்டது அதுதானே? சொல்லிவிட்டால் கடல் தாண்டிப் போய்விடுவாள். போவதோடு, பெற்றவளையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது?

அழுதழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் பரிபூரணத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மத்த ரெண்டு சீட்டும் மதுரைதாம்ட்டி."

"என்னம்மா?"

"மூணுலயும் மதுரைன்னுதான் எழுதுனேன். நீ போயிரக் கூடாதுன்னு நாந்தான் எழுதுனேன். எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்."

தேவகிருபையின் அழுகை சட்டென்று நின்றது. சத்தியநேசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமே வராத மனுஷனுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. "அட பாவிகளா! அப்ப நான் ஒருத்தன்தான் அன்னைக்கு நெசமாவே பட்டினி கெடந்தேனா?"

யாரும் சிரிக்கவில்லை.

தேவகிருபை மெல்லக் கேட்டாள். "அப்ப ஆண்டவர் என்னதான்மா சொன்னாரு?"

"அவர்கிட்ட நான் எங்கட்டி கேக்கவிட்டேன்?" என்றாள் பரிபூரணம். "ஒங்கிட்டயும் கேக்கலை."

அவள் எதிர்பார்த்துப் பயந்திருந்த அந்தப் பார்வை வந்தது. தேவகிருபை அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். பரிபூரணம் தலையைக் குனியாமல் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் பதினெட்டு வயதில் கேட்டிருக்க வேண்டியதை அவளது இருபத்துமூன்று வயதில் கேட்டாள்.

"ஒனக்குப் போகணுமாட்டி?"

"போகணும்மா."

"அப்ப போ" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் காலண்டர் துண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.