ஈரச் செங்கல்

கட்டடம் வரைவதற்கு முன்னால் பிரீத்திகா அந்த இடத்தில் ஒரு முழுநாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். கையில் கொஞ்சம் பஞ்சு இருக்கும். அதைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். பீளமேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பெண். அப்பா சீனிவாசலுவின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சை ஊதி விளையாடிய பழக்கம், முப்பது தாண்டியும் விடவில்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கருமத்தம்பட்டியில் அப்புசாமியின் தறிக்கூடம்தான் அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. பழைய கூடத்தின் தகரக்கூரைக்கு அடியில் சித்திரையில் நிற்க முடியாமல் தறி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது மாரியாத்தாளும் இன்னும் சிலரும்தான். ஏசி இல்லாமலே வெக்கை தணியவேண்டும் என்றார் அப்புசாமி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றை நம்பி மேற்குச் சுவரில் தாழ்வாக ஜன்னல்கள் வைத்தாள். வெக்கை வெளியேறக் கூரை உச்சியில் நீளமாக ஒரு திறப்பு விட்டாள்.

புதுக் கூடத்தில் தறி ஓட்டிய முதல் நாளே நூல் அறுந்தது. உலர்ந்த காற்று நேராக, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் விழ, தறிகள் மாற்றி மாற்றி நின்றன. ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத்தான் அந்த ஊர்ப் பக்கமெல்லாம் தறி ஓட்டுவார்கள். நூலுக்கு ஈரம் வேண்டும். ஆளுக்குக் காற்று வேண்டும் என்று மட்டுமே யோசித்தவள் நூலை மறந்துவிட்டாள்.

அப்புசாமி கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அம்மணி, நீங்க மனுசருக்கு ஊடு கட்டிப்போட்டீங்க. இங்க நூலுதானுங்களே குடியிருக்கோணும்?” என்றார்.

மறுநாள் ஜன்னல்களை அடைக்கக் கொத்தனார் வந்துவிட்டார். அடைத்தால் இதுவும் இன்னொரு அடுப்புதான். அப்புறம் தானும் போய்விடுவதாக மாரியாத்தாள் முன்பே சொல்லியிருந்தாள்.

கொத்தனார் செங்கற்களைத் தொட்டியில் ஊறவைத்து எடுத்து, தண்ணீர் வடியட்டும் என்று கடைசி ஜன்னலுக்கு வெளியே சந்து விட்டு அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். பிரீத்திகா கூடத்தின் மூலையில் ஒதுங்கி நின்றாள். தறிகள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் காதில் உறைத்தது. அந்த ஜன்னலை ஒட்டிய கடைசித் தறி மட்டும் நிற்கவேயில்லை.

கிட்டே போனாள். முகத்தில் பட்டது வேறு காற்று. ஈரக் கல்லின் சந்துகளில் நுழைந்து, வேகம் தணிந்து, குளிர்ந்து, மண்வாசத்தோடு வந்துகொண்டிருந்தது. பாவு நூலில் ஓர் இழைகூடத் துடிக்கவில்லை. சாப்பிட்டு வந்த கொத்தனாரைக் கரண்டி எடுக்க விடவில்லை. அப்புசாமியைக் கூப்பிட்டு, அந்த ஜன்னலில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

அவர் வைத்த கையை எடுக்க மனமில்லாமல் நின்றார்.

“அடைக்க வேண்டாமுங்க,” என்றாள் பிரீத்திகா. “இதே கல்லை எல்லா ஜன்னலுக்கும் வெளிய இப்படியே சந்து உட்டு அடுக்கச் சொல்லுங்க. மேல ஒரு குழாய் சொட்டிட்டே இருந்தாப் போதும்.”

பொழுது சாய்வதற்குள் அடுக்கி முடித்தார்கள். எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடின. மேற்கு வெயில் சந்துகளின் வழியே கோடு கோடாக உள்ளே விழுந்தது. மாரியாத்தாள் முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தாள், துடைக்க ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

“பஞ்செல்லாம் எங்க கண்ணு போகுது?”

எப்போதும் மூக்கிலும் இமையிலும் அப்பிக்கொள்ளும் பஞ்சுத் தூள் அந்த வெளிச்சத்தில் மெல்ல எழுந்து, வளைந்து, கூரைத் திறப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் துணுக்குத் துணுக்காகப் பார்த்த காற்றை பிரீத்திகா அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். மாரியாத்தாளுக்குக் கூரைத் திறப்பைக் கை காட்டினாள். இருவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.