மூக்குக்குள் ஒரு குடித்தனம்

போன வாரம் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஒரு வேடிக்கை. கையெல்லாம் கட்டியும் கட்டுத்துணியுமாக ஒருத்தர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஓடினார். பின்சீட்டும் காலி! நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைரியமா? அதெல்லாம் நமக்கு ஏது... பட்ட அனுபவம்.

அஞ்சு வருஷம் முன்பு என் மகள் ஆறு மாசக் குழந்தை. தொடையில் ஒரு கட்டி வந்தது. மருந்து கொடுத்தோம், ஆறியது. பத்தே நாளில் முதுகில் ஒன்று. அப்புறம் கழுத்தில், ஜுரத்தோடு. காதுகுத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். குழந்தை இளைத்துக்கொண்டே போனாள். கோகிலா — என் மனைவி — சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அழுவாள்.

யார் காரணம்? துப்பறியத்தான் நான் இருக்கிறேனே! கோகிலாவின் தம்பி ஏழுமலை என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். அவனுக்குத் தோல் ஃபேக்டரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, கையெல்லாம் புண். நான் அதே ஃபேக்டரியில் பேக்கிங் — வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர்.

"டேய், பாப்பாவத் தொடாத. வாசலோட நில்லு."

"இன்னா மாமா இது? மடியில வச்சிக் காது குத்தப் போறதே தாய்மாமன் நான்தான்."

"உன் கையப் பாத்தியா? ஆட்டுத்தோலே தேவல."

அவன் வாங்கி வந்த கிலுகிலுப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது கட்டி மட்டும் கரெக்டாக வந்தது! அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

வேலூரில் டாக்டரிடம் ஓடினோம்; அக்கா அழைத்ததால் ஏழுமலையும் கூட வந்தான். குழந்தையைத் தூக்குகிற எல்லோருக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுக் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார் நர்ஸம்மா.

"என் மச்சானையும் இட்டாந்திருக்கேன் சிஸ்டர். அவன் மூக்கை நல்லாக் குடைஞ்சிப் பாருங்க. எனக்கு வேணாம், ஒரு தும்மல்கூடக் கிடையாது."

"நல்லா இருக்கறவங்களத்தான் முதல்ல பாக்கணும். மூக்கத் தூக்குங்க."

ரிசல்ட் வந்தது. கோகிலா மூக்கில் ஒன்றுமில்லை. ஏழுமலை மூக்கிலும் ஒன்றுமில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் மூக்கில்... ஜாம் ஜாமென்று குடித்தனம்!

"அந்தக் கிருமி உங்கள ஒண்ணும் பண்ணாது. மூக்கத் தொட்ட கையால பாப்பாவத் தூக்கினா அவளுக்குக் கட்டி வரும். சாதாரண மருந்துக்கும் அடங்காது இது."

"ஏன் சிஸ்டர் அடங்காது?"

"எதுக்கெடுத்தாலும் கேப்சூல உடைச்சித் தூவறது, ரெண்டு நாள் முழுங்கிட்டு நிறுத்தறது... இப்டிப் பண்ணியே கிருமியப் பழக்கி வச்சிருக்கோம்."

நான் விட்டத்தைப் பார்த்தேன். சிராய்ப்புக்கெல்லாம் கேப்சூல் தூள் தூவுகிற பேக்கிங் டிபார்ட்மெண்ட் டாக்டரே அடியேன்தான்.

குழந்தைக்கு வேறு மருந்து. எனக்கு மூக்கில் களிம்பு, தினமும் சோப்புக் குளியல், துண்டையெல்லாம் கொதிக்கவைக்கச் சொல்லி ஆர்டர். வாசலோடு நிற்கும் முறை என்னுடையது. மூன்று வாரம் என் மகளை எட்ட நின்றே பார்த்தேன். கட்டி வற்றியது. கன்னம் உப்பியது. மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள் — மூக்கு சுத்தம்! பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத நான் பாஸான ஒரே பரீட்சை. அதையும் மூக்குதான் எழுதியது.

நேரே சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனேன்.

"மச்சான், என்ன மன்னிச்சிடுடா. காது குத்த வா."

ஏழுமலை நிமிரக்கூட இல்லை. "எட்ட நின்னு பேசு மாமா."

தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவனும் சிரித்தான்.

காதுகுத்து நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து மகள் ஊரைக் கூட்டினாள். பத்து நாளில் காது இரண்டும் பொட்டுச் சீழ் இல்லாமல் ஆறியது. என்ன... அன்று ஏறிய மடியை விட்டு அவள் இன்னும் இறங்கியபாடில்லை. அவன் வந்துவிட்டால் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தப் பொறாமைக்குத்தான் டாக்டர் எந்தக் களிம்பும் எழுதித் தரவில்லை!