வாய் கட்டிய வாரத்தில் வந்த விசாரணை

கூனிமலைத் தோட்டத்தில் காளியாயியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது தராசு கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும், கணக்கப்பிள்ளை அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இறாத்தலைச் சொல்வார். புருசன் மூக்கன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து அவளே பேசினாள். அப்படிப்பட்டவள், பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் ஊமை மாதிரி நின்றுவிட்டு வந்தாள். விதி என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடலாம். ஆனால் விதி வேறு, அரசாங்கக் கந்தோர் வேறு.

நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்து ஆட்களெல்லாம் இந்த நாட்டவர்கள்தானா என்று கேட்டுச் சட்டம் வந்திருந்த காலம் அது. இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே முதுகு கூனியவர்களும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். மூக்கனும் மனுப் போட்டான். அவன் பெயர், காளியாயி பெயர், மகள் மீனம்மாவின் பெயர், மூன்றும் ஒரே மனுவில். அவனுக்குக் கிடைத்தால் மூன்று பேருக்கும் கிடைக்கும், தள்ளினால் மூன்று பேரையும் தள்ளும்.

சிக்கல் காளியாயியிடம் இருந்தது. கலியாணம் முடித்து வந்தவள் நாட்டை விட்டுப் போகாமல் இருந்தாளா என்பது கேள்வி. தோட்டத்துப் பேர்ப் பதிவிலோ, கலியாணத்துக்குச் சில வருசம் கழித்து, ஒரு வருசத்துக்கு மேல் அவள் பெயரே இல்லை. இந்தியாவுக்குப் போயிருந்தாள் என்றுதானே எவனுக்கும் தோன்றும்.

அவள் கடல் கண்டவளே இல்லை. நடந்தது புருசன் பெண்டாட்டி சண்டை. நாத்தனார்காரி அவள் வைத்த குழம்பைப் பற்றி ஏதோ நொட்டை சொல்ல, மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டான். நாத்தனார் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவன் சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதற்கு முன்னால் கிளம்பி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த அத்தை வீரம்மாவிடம் போய்விட்டாள். அங்கே பெயர் பதியாமல் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தாள். வந்து கூப்பிடட்டும், போகலாம் என்று இருந்தாள். அந்த மனுசன் வரவில்லை. கூச்சமாம். கடைசியில், அவன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று யாரோ சொல்லக் கேட்டு, தானாகவே திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள். எங்கே இருந்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்காதவனிடம் என்ன சொல்வது என்று அவளும் சொல்லவில்லை. கோபம் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் அவர்களுக்குள் வராமலே போயிற்று. வீரம்மா அத்தையும் பிறகு செத்துப்போனாள். ஆக, அந்த ஒரு வருசத்துக்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது என்று சொல்லவும் காளியாயியின் வாய்தான் வேண்டும்.

விசாரணையின் முதல் தவணையில் மூக்கன் கேட்ட தாளை விட்டுவிட்டு வேறொரு தாளைக் கொண்டுபோய் நின்றான். இரண்டாம் தவணையில் மீனம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனித் தவணை கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே காளியாயி எழுந்து வெளியே வந்தாள். அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில், தோட்டத்து மாரியம்மனை நினைத்து நேர்ந்துகொண்டாள். இந்த வருசத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை வாய் கட்டுகிறேன், ஒரு சொல் பேசமாட்டேன், என் பிள்ளையைக் கொடு. பேச்சை விட்டால் அவளிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது? பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது. உடம்புச் சூடு மட்டும் முழுசாக இறங்கவில்லை. காப்புக் கட்டிய அன்று பூசாரி செல்லசாமி மஞ்சள் துணியால் அவள் வாயைக் கட்டினார். பொழுது சாய்ந்தபின் பாலும் பழமும் எடுக்க மட்டும் அதை அவிழ்க்கலாம்.

அதற்கு மறுநாள் அழைப்பாணை வந்தது. விசாரணை அந்த வெள்ளிக்கிழமை. தேரோ ஞாயிற்றுக்கிழமை.

மூக்கன் பூசாரியிடம் ஓடினான். "சாமி, ரெண்டே ரெண்டு வார்த்த. சொல்லிப்புட்டுத் திரும்பக் கட்டிக்கிடட்டுமே."

செல்லசாமி நல்ல மனுசன். பொய்யாகத் தைரியம் சொல்ல அவருக்குத் தெரியாது. "அவுக்கறது எனக்கு ஒரு வேலையாப்பா? அவுத்து விட்டுருவேன். அதுக்கப்பறம் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னையக் கேக்காத."

மூக்கன் வந்து அதை அப்படியே சொன்னான். காளியாயி மீனம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. அவள் தலையை அசைத்தாள், முடியாது என்று. மூக்கனும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவனுக்கு மட்டும் துணிச்சல் இருந்ததா என்ன?

விசாரணை டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விசாரணை ஐயா இங்கிலீசில் பேசுவார். ஜெயரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அதைத் தமிழில் சொல்வார். ஐயா கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலையிலிருந்து புரட்டுச் சாட்சி கேட்டுக் கேட்டு அவருக்கு மண்டை காய்ந்திருந்தது. வாயில் துணி கட்டி வந்து நின்றவளைக் கண்டதும், இது புதுத் தந்திரம் என்று நினைத்துவிட்டார்.

"அந்த ஒரு வருசம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள் எண்டு ஐயா கேக்கிறார்," என்றார் ஜெயரத்தினம்.

எழுதிக் காட்டக் காளியாயிக்கு எழுத்துத் தெரியாது. கும்பிட்டாள். வாயைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு கையாலும் தேர் உருண்டு வருகிற மாதிரி காட்டினாள். பிறகு டிக்கோயா இருக்கிற திக்கைச் சுட்டிக் கொழுந்து கிள்ளிக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை மலைதான். அவள் எந்த மலையைக் காட்டுகிறாள் என்று யாருக்கு விளங்கும்?

"நேர்த்திங்க தொரை," என்றான் மூக்கன். "ஞாயித்துக்கெழம தேரு முடிஞ்சதும் பேசிருவாங்க."

ஜெயரத்தினம் அதை எடுத்துச் சொன்னார். கொஞ்சம் மன்றாடித்தான் சொன்னார், குரலிலேயே தெரிந்தது. ஐயா ஏதோ கேட்டார்.

"சாப்பாடும் இல்லையோ எண்டு கேக்கிறார்."

மூக்கன் உள்ளதைச் சொன்னான். "அந்தியில அவுத்துப் பாலு குடிப்பாங்க தொரை."

அதோடு காரியம் கெட்டது. குடிக்கத் திறக்கிற வாய் சொல்ல ஏன் திறக்காது என்று ஐயா மேசையைத் தட்டினார். மூன்றாம் முறையும் அதே கேள்வியைக் கேட்கச் சொன்னார். காளியாயியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மஞ்சள் துணியில் இறங்கியது. உள்ளே நாக்கு துடித்தது. டிக்கோயா என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்கும் அம்மன் பிள்ளையைக் கேட்டுவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஐயா எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் இருவரையும் வெளியே அனுப்பினார். ஜெயரத்தினம் பின்னாலேயே வந்தார்.

"கேள்விக்கு மறுமொழி சொல்ல மறுக்கிறது விசாரணையை அவமதிக்கிற குற்றமாம். ஐயா நீதவான் கோட்டுக்கு எழுதுறார். உங்களை மறியலிலை அடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தண்டிக்கிறதெண்டால் கோடுதான் தண்டிக்கும்."

மூக்கனுக்குப் பாதி உயிர் வந்தது. "அப்ப ஐயாவால ஒண்ணும் செய்ய முடியாதுங்களா?"

ஜெயரத்தினம் தரையைப் பார்த்தார். "மனுவைத் தள்ளுற அதிகாரம் அவரின்ரை கையிலை இருக்கு. அதைச் செய்துபோட்டார்."

ஞாயிற்றுக்கிழமை தேர் நிலைக்கு வந்தது. செல்லசாமி துணியை அவிழ்த்தார். காளியாயி முதலில் மகளின் பெயரைச் சொன்னாள். சூடு இறங்கியிருந்தது. அம்மன் தன் பங்கைக் கொடுத்துவிட்டாள் என்று காளியாயி விழுந்து கும்பிட்டாள்.

பிறகு மனு தள்ளுபடியான கடிதம் தபாலில் வந்தது. பின்னோடு கோர்ட்டிலிருந்து இன்னொரு கடிதம், காளியாயியின் பெயருக்கு. அவமதிப்பு வழக்கு, ஆஜராக வேண்டும். முதல் கடிதத்தில் மேல்முறையீடு செய்யக் கெடு கொடுத்திருந்தார்கள். இரண்டாவதில் குற்றம் சாட்டியிருந்தார்கள். படிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்களுக்கு இரண்டும் ஒரே முத்திரை, ஒரே சனியன். கீழே தள்ளிவிட்டார்கள், இப்போது மேலே கூப்பிடுகிறார்கள், இதுதான் அப்பீல் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். மூக்கனும் நம்பினான். குற்றவாளிக் கூண்டுக்கு வந்த அழைப்பைக் கண்டு சந்தோசப்பட்ட குடும்பம் அந்த மலையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

காளியாயி மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அத்தையின் பெயர், லயத்தின் பெயர், பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுத்த நாகலெட்சுமியின் பெயர், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். கோர்ட்டுக்குக் கட்ட மாற்றுச் சேலையை, முந்தானையில் மஞ்சள் முடிந்து எடுத்து வைத்தாள். இந்தத் தடவை தடை ஏதும் இல்லை, வாய் திறந்திருக்கிறது. வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனபோதும் அவள் கலங்கவில்லை.

நீதவான் வயதானவர், சிங்களவர். கூண்டில் நின்ற காளியாயியிடம், ஏன் பதில் சொல்லவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அவள் நேர்த்தியைச் சொன்னாள், பிள்ளையின் காய்ச்சலைச் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அவர் வீட்டுப் பெண்களும் தெய்வத்துக்கு நேருகிறவர்களாய்த்தான் இருப்பார்கள்.

"பிள்ளை எப்படி?"

"நல்லாருக்குங்க தொரை. வெளிய தகப்பன் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

வேண்டுமென்று அவமதித்ததாகத் தெரியவில்லை, விடுதலை என்று அவர் எழுதினார். இறங்கலாம் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

காளியாயி இறங்கவில்லை. இப்போதுதானே ஆரம்பம் என்று நினைத்தாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"தொரை, நான் இந்தியாவுக்குப் போகலைங்க. கடலையே கண்டதில்லைங்க. டிக்கோயாவுல எங்க அத்த வீரம்மா வீட்டுல இருந்தேங்க. கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தேன், அதான் பேரு இல்ல. நாகலெட்சுமின்னு ஒருத்தி எம்பக்கத்து நெரையில நின்னா, அவளக் கூப்புட்டுக் கேளுங்க..."

வாசலில் நின்ற மூக்கன் அதைக் கேட்டான். ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய டிக்கோயா. அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே தேடிப் போயிருந்தால் இந்தச் சாட்சியை அவனே சொல்லியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் முதல் இரண்டு வரியைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். என்ன சொல்கிறாள் என்று நீதவான் கேட்க, வேறு விசயம், இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்றார். நீதவான் கோப்பை மூடிவைத்தார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, தண்டிக்கிறதும் விடுறதும் மட்டுந்தான் இங்க. பிரசாவுரிமை இந்தக் கோர்ட்டு வேல இல்ல."

கந்தோர் சார்பில் சாட்சி சொல்ல வந்திருந்த ஜெயரத்தினம் வெளியே அவர்களிடம் வந்தார். அப்பீலுக்குத் தந்த கெடு போன மாதமே முடிந்துவிட்டது என்றார். இது வேறை வழக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையோ என்று கேட்டார். யார் சொல்வார்கள்?

"நான் எல்லாத்தையும் சொன்னேனே," என்றாள் காளியாயி. "ஒண்ணு விடாமச் சொன்னேனே ஐயா."

ஜெயரத்தினம் மீனம்மாவின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். காளியாயி புருசனைப் பார்த்தாள். "இனி இத யாருகிட்டங்க சொல்றது?"

மூக்கன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். அவள் அவனுக்குப் பின்னால், பக்கத்து நிரையில் நின்ற இன்னும் இரண்டு பேரின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள்.