கழுத்தில் ஒரு புளியங்கொட்டை

மகளுக்குப் பின்னல் போடும்போதுதான் அது என் கைக்கு அகப்பட்டது. தொண்டைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. கல் மாதிரி கெட்டி. அமுக்கினாலும் வலிக்கவில்லை என்றாள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே டாக்டர்தான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கரண்ட் பில்லிலிருந்து பள்ளிக்கூட நோட்டீஸ் வரை அவரிடம் நீட்டுவோம், அவர் தமிழில் சொல்லுவார். அவர் கேட்டபடி ஸ்கேன் எடுத்து வந்தோம். ரிப்போர்ட்டை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதிய தங்கச்சி. டிபி கட்டிதான். ஆறு மாசம் மாத்திரை தின்னா கரைஞ்சிரும்."

நோயைவிட அந்தப் பெயர்தான் என்னைக் கலக்கியது. பெண்பிள்ளைக்கு டிபி என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்? சர்க்கார் சென்டருக்குப் போனால் பெயர் எழுதிக்கொண்டு வீடு தேடி வருவார்கள். நீங்களே பாருங்கள் என்று கெஞ்சினேன், தலையாட்டினார். திரும்பும்போது மகள் ரிப்போர்ட்டைப் பிரித்தாள். சந்தில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று பிடுங்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து தலை ஸ்கார்ஃபைக் கழுத்து மறைய இறக்கிக் கட்டச் சொன்னேன்.

மாத்திரை தின்று தின்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுக்குப் போனால்கூட ஆரஞ்சு நிறம். கட்டி கரையவில்லை, பெருத்தது. அவள் தண்ணீர் குடித்தால் கூடவே மேலே ஏறி இறங்குவதைப் பார்த்தேன். டாக்டரிடம் சொன்னபோது கரையும்போது அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு அவள் குரல் கம்மிப்போனது.

அதற்குமேல் பொறுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா முதலில் செய்தது, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொன்னதுதான். கட்டி ஏறி இறங்கியதும் அவர் முகம் மாறியது. பழைய ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு, ஊசி டெஸ்ட் ஏன் எடுக்கவில்லை என்று இந்தியில் கேட்டார். தைராய்டில் கட்டி, ஊசி போட்டுச் சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதியிருந்ததாம். டிபி என்ற சொல்லே அதில் இல்லையாம்.

கேன்சர். பிள்ளைகளுக்கு அபூர்வம், ஆனால் வரும், பெரும்பாலும் குணமாக்கலாம் என்றார் அந்த அம்மா. ஆனால் அதற்குள் கழுத்தின் நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டதால் காதடி வரை கீற வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்த அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன். நம்ம ஊர்க்காரர் என்றுதானே பிள்ளையை உம் கையில் கொடுத்தேன், இப்படிக் கழுத்தறுத்துவிட்டீரே என்று கத்தினேன். அவர் தலை நிமிரவில்லை.

"சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் வராதுன்னு நெனச்சேன். உங்கள எதுக்குப் பயங்காட்டணும்னு அந்த வரிய விட்டுட்டேன்."

நம்பவைத்து மோசம் செய்தவரின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று வெளியே வந்தேன். தெருவிலும் என் வாய் ஓயவில்லை. மகள் நின்றாள். குரல் இன்னும் சரியாக வரவில்லை அவளுக்கு.

"அவர மட்டும் ஏன் உம்மா ஏசுதிய? தைராய்டுன்னு போட்டிருக்குன்னு நான் அன்னைக்கே வாசிச்சுச் சொன்னேம்லா. டாக்டரவிட ஒனக்குத் தெரியுமான்னு வாயில அடிச்சிய."

அடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் வாசித்துச் சொன்னது ஞாபகம் இல்லை.