எரித்தவர்கள் எழுப்பியாக வேண்டும்

ஹோட்டல்காரருக்கும் கூத்துக்காரருக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கிற வேலையில் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. நடுவில் நிற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இதில் மாட்டிக்கொண்டேன்.

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை நுவரெலியா ஹோட்டல் ஒன்று கேட்டது. பிடித்துப்போனால் மாதாமாதம் ஆடலாம். ரதி வேஷம் கட்டும் செல்வம் கொழும்பில் கடை வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். இது அமைந்தால் இருப்பான். இல்லாவிட்டால் எங்களுக்கு ரதி இல்லை.

கால் மணி நேரம்

மேனேஜர் கண்டிப் பக்கத்து இளைஞர். சிவன் மன்மதனை எரிப்பது, ரதி அழுவது, மூன்றாம் நாள் அவனை உயிரோடு எழுப்புவது எல்லாம் சொன்னேன். மாசியில் விடிய விடிய ஆடுவோம் என்றேன். கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"எரிக்கிறது மட்டும் போதும் டீச்சர். சூப்புக்கும் சோத்துக்கும் நடுவுல ஒரு கால் மணி நேரம்."

தலையாட்டல்

மேனேஜர் கேட்டதைக் கூத்து மாஸ்டர் மாரிமுத்துவிடம் போய்ச் சொன்னேன். சம்மதித்தார்.

"ஆடலாங்க டீச்சர். ஆனா எரிச்சா எழுப்பணும், எரிச்ச எடத்துலயே. மேனேஜருகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

சொல்லியிருந்தேன். அவர் எதற்குத் தலையாட்டினார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

வெள்ளைச் சேலை

ஹோட்டல் புல்வெளியில் பனி. தப்புப் பறையின் சத்தம் ஈரமாக ஒலித்தது. மன்மதன் எரிந்தான், கைதட்டினார்கள். வெள்ளைச் சேலையில் ரதி ஒப்பாரி வைத்தபோது ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும், போட்டோவுக்குச் சிவப்புச் சேலை கட்டிப் பொட்டு வைத்து வரும்படி மேனேஜர் செல்வத்திடம் சொன்னார். செல்வம் அசையவில்லை.

"புருஷன் எரிஞ்ச சாம்பல்கூட ஆறல சார். எப்படிப் பொட்டு வைக்கிறது?"

யாருக்கு ஆட்டம்?

மூன்றாம் நாள், கூப்பிடாமலே, தப்போடு பஸ்ஸில் போய் இறங்கினோம். "கெஸ்ட் எல்லாம் போயிட்டாங்களே, யாருக்கு ஆடப்போறீங்க?" என்றார் மேனேஜர். ஒப்பந்தம் போச்சு என்று நினைத்தேன். மாரிமுத்து நிதானமாகச் சொன்னார்: "ஒங்க புல்லுல மாப்பிள்ளைய எரிச்சுப் போட்டுட்டு நாங்க எப்படி சார் தூங்குறது?"

தப்பு அடித்ததும் சமையல்கட்டிலிருந்தும் அறைகளிலிருந்தும் வேலைக்காரர்கள் ஓடிவந்தார்கள். எல்லாம் சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள். யாரோ சூப்புத் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். மன்மதன் எழுந்தான். செல்வம் பொட்டு வைத்துக்கொண்டு சிரித்தான். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது நல்லாருக்கு டீச்சர். மாசாமாசம் எரிக்காம, எழுப்புறது மட்டும் போட முடியாதா?"

எரிக்காமல் எழுப்புவது எப்படி என்று மாரிமுத்து யோசித்து முடிக்கும்வரை, செல்வத்தைக் கொழும்பு ரயில் ஏறவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் இப்போது என் முழுநேர உத்தியோகம்.